கருப்பட்டி, கற்கண்டு, பதநீர்: உங்கள் புரதத்துக்கு எந்த முறை பொருந்தும்?

பாளையங்கோட்டையில் முதுநிலை முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். கண் லென்ஸில் இருக்கும் காமா-டி கிரிஸ்டலின் என்ற புரதத்தின் ஒரு திரிபை பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்தமாகப் பிரித்தெடுத்திருக்கிறார். உடல் வெப்பநிலையில் வைத்தால் அது பால் திரிவதுபோலக் கலங்கி அடியில் படிந்துவிடுகிறது. கண்புரை உண்டாவதும் இப்படிப்பட்ட படிவால்தான். அந்தக் கட்டிக்குள் புரதம் எப்படி மடிந்து கிடக்கிறது என்பது அவருடைய ஆய்வுக் கேள்வி.

“ஒருத்தங்க கிரிஸ்டல் வளர்க்கச் சொல்லுதாங்க. இன்னொருத்தங்க இப்பம் எல்லாம் கிரையோதான்னு சொல்லுதாங்க. கம்ப்யூட்டர்லயே வந்துரும், எதுக்கு அலையுதன்னு கேக்காங்க. எந்த மெஷினுக்கு சார் நான் ரூபா கட்டணும்?”

கிரையோ என்று அவர் சொன்னது, மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை. இதே கேள்வி தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் என்னிடம் வந்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு புரதக் கட்டமைப்பு ஆராய்கிறவர்களுக்கு இந்தப் பெரிய கருவிகள் எதுவும் பக்கத்துத் தெருவில் இல்லை. தவறான ஒன்றைத் தேர்ந்தால் போவது ஒரு வருட உதவித்தொகையும் ஒரு வருட உழைப்பும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் திடநிலை என்.எம்.ஆரில் (திடப்பொருளில் எடுக்கும் அணுக்கருக் காந்த ஒத்திசைவு) வேலை பார்த்தவன். அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே பதநீர்தான். அப்படியே குடித்தால் பதநீர். பாகு இறுகும்வரை காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதற்கு முன்பே இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் வாரக்கணக்கில் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு. பதநீரில் சர்க்கரை மூலக்கூறுகள் உருண்டு திரிகின்றன. கற்கண்டில் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கின்றன. கருப்பட்டியில் நெருக்கமாக இறுகிக் கிடக்கின்றன, ஆனால் ஓர் ஒழுங்கான வரிசை கிடையாது. புரதமும் இந்த மூன்று நிலைகளில் ஒன்றில்தான் உங்கள் கையில் இருக்கும். கட்டமைப்பு காணும் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒரு நிலைக்கென்றே உருவானது.

## முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி: உங்கள் புரதம் எந்த நிலையில் தன் வேலையைச் செய்கிறது, அல்லது கேட்டைச் செய்கிறது? கரைந்திருக்கும்போதா, சவ்வில் புதைந்திருக்கும்போதா, கட்டியான பிறகா? ஆய்வகத்தில் உங்களுக்கு வசதியான நிலை வேறு, உயிருக்குள் அது இருக்கும் நிலை வேறு. என் கணக்கில் மற்ற எல்லா அளவுகோலும் இதற்குப் பின்னால்தான்.

இரண்டாவது: முழுக் கட்டமைப்பு வேண்டுமா, ஒரு கேள்விக்கு விடை வேண்டுமா? ஒவ்வொரு அணுவின் இடத்தையும் தெரிந்துகொள்வது ஒன்று. “மருந்து எந்த இடத்தில் ஒட்டுகிறது”, “மடிப்பு குலைந்ததா இல்லையா” என்று கேட்பது வேறொன்று. இரண்டாவது வகைக் கேள்விக்குப் பல நேரங்களில் பத்தில் ஒரு பங்கு உழைப்பு போதும். முனைவர் பட்டக் காலத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு மூலக்கூறின் பருமன் (இதைக் கிலோடால்டன் என்ற எடை அலகில் சொல்வோம்), கையில் எத்தனை மில்லிகிராம் தேறும், கார்பன்-13, நைட்ரஜன்-15 போன்ற ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, ஏற்ற முடியுமா (இதைத்தான் லேபிள் ஏற்றுவது என்போம்) என்பவை.

கடைசியாக ஒன்று. பெருநகர ஆய்வகங்களில் இருப்பவர்கள் இதைச் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை: மாதிரி நெல்லையிலிருந்து கருவிவரை கெடாமல் போய்ச்சேருமா? சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் இறங்குவதற்குள் புளித்துவிடும். கரைசலில் இருக்கும் புரதமும் அப்படித்தான். சென்னைக்கு ஓர் இரவு, பெங்களூருக்கு ஓர் இரவு, அதற்குமேல் வரிசையில் காத்திருக்கும் நாட்கள்.

| முறை | மாதிரியின் நிலை | பருமன் | தேவைப்படும் அளவு | பயணம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|---|
| எக்ஸ்-கதிர் படிகவியல் | ஒழுங்கான படிகம் | பெரியதும் ஆகும் | படிகச் சோதனைகளுக்குச் சில மி.கி. | உறையவைத்துத் திரவ நைட்ரஜன் குடுவையில் | படிகம் வராமலே கழியும் மாதங்கள் |
| கரைசல் என்.எம்.ஆர். | தெளிந்த கரைசல் | 25–30 கிலோடால்டன்வரை எளிது | லேபிள் ஏற்றிய சில மி.கி. | பனிக்கட்டிப் பெட்டி, வழியில் கெடக்கூடும் | அறை வெப்பத்தில் ஒரு வாரம் கெடாமல் நிற்க வேண்டும் |
| கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி | பெரிய துகள், ஒரே மாதிரி முறுக்குள்ள இழை | சிறியவை கடினம் | ஒரு கிரிட்டுக்கு (மாதிரியைப் பரப்பும் சிறு வலைத்தகடு) சில மைக்ரோலிட்டர் | திரவ நைட்ரஜன் குடுவையில் கிரிட் | கணினி, சேமிப்பு, திரும்பத் திரும்பக் கிரிட் தயாரிப்பு |
| திடநிலை என்.எம்.ஆர். | இழை, கட்டி, சவ்வுப் புரதம், நுண்படிகம் | எடைக்கு வரம்பில்லை, அமினோ அமிலம் கூடக் கூடச் சிக்கல் | லேபிள் ஏற்றிய அரை மி.கி. முதல் 20 மி.கி. மேல்வரை | ஈரக் கட்டியாக எளிதில் போகும் | ஐசோடோப்பு, நீண்ட கருவி நேரம், நீண்ட பகுப்பாய்வு |
| ஆல்ஃபாஃபோல்டு (கணினிக் கணிப்பு) | அமினோ அமில வரிசை மட்டும் போதும் | — | எதுவும் வேண்டாம் | எதுவும் வேண்டாம் | நம்பக்கூடாத இடத்தில் நம்பிவிடுவது |

## எக்ஸ்-கதிர் படிகவியல்

கற்கண்டு விளைந்துவிட்டால் இதற்கு ஈடில்லை. மயோகுளோபினின் வடிவத்தை கென்ட்ரூ குழு 1958இல் வெளியிட்டதிலிருந்து புரதக் கட்டமைப்புக் களஞ்சியத்தில் மிகப் பெரும்பான்மை இந்த வழியில்தான் சேர்ந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரைபோசோம் ஆய்வும் படிகத்தில் எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கண்டதே. இந்தியாவிலேயே இந்தூரில், வலுவான எக்ஸ்-கதிர் தரும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்று ஒரு கதிர்ப்பாதை இருக்கிறது. முன்பு எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளிலிருந்து வடிவத்தை மீட்கத் தேவையான கட்டக் கோணக் கணக்குக்கு செலினியம் ஏற்றிய மாதிரியெல்லாம் தேவைப்பட்டது. இப்போது கணினி கணித்த மாதிரியை வைத்தே பல நேரங்களில் தொடங்கிவிடலாம்.

மறைந்த செலவு காத்திருப்புதான். நூறு கரைசல்களில் வைத்துப் பார்ப்பீர்கள், ஒன்றிலும் வராது. வந்தாலும் ஊசி ஊசியாக வரும். ஆடிக்கொண்டே இருக்கும் வால், வளைவு எல்லாம் படத்தில் மறைந்துபோகும். இன்னொன்று, படிகமாவதற்காகவே புரதத்தின் முனைகளை வெட்டுகிறோம், மாற்றுகிறோம். அந்த முனைதான் நோய்க்குக் காரணம் என்றால் வெட்டிய பிறகு எதைப் படிக்கிறோம்?

நொதி போன்ற கரையும் புரதம், மருந்து மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும் வேலை, அணு அளவில் துல்லியம் வேண்டும் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள்.

## கரைசல் என்.எம்.ஆர்.

காந்தப் புலத்தில் வைத்த அணுக்கருக்கள் தங்களுக்கென்ற அதிர்வெண்ணில் பதில் சொல்லும். அக்கம்பக்கத்துக்கு ஏற்ப அந்த அதிர்வெண் இம்மி மாறும். வேதிப் பெயர்ச்சி என்ற அந்த மாற்றத்தை வைத்துக் கட்டமைப்பைப் படிப்பதுதான் என்.எம்.ஆர். கரைசலில் இதைச் செய்து காட்டியதற்காக கர்ட் வூத்ரிக் 2002இல் நோபல் பெற்றார். மூலக்கூறு வேகமாக உருண்டு புரண்டால்தான் கோடுகள் கூர்மையாக வரும். பெரிய மூலக்கூறு மெதுவாகப் புரளும், கோடு அகன்றுபோகும். 1997இல் வந்த ட்ராஸி முறையும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றுவதும் இந்த எல்லையை நன்றாகவே தள்ளிவைத்தன. ஆனாலும் எல்லை எல்லைதான். கட்டியாகிவிட்ட புரதம் இங்கே கண்ணுக்கே தெரியாது.

வடிவமே இல்லாமல் நெகிழ்ந்து திரியும் புரதங்களுக்கு இதுதான் முதல் தேர்வு. இதில் ஒரு மலிவான சோதனையும் உண்டு. நைட்ரஜன்-15 ஏற்றிய அம்மோனியம் குளோரைடு, கார்பன்-13 குளுக்கோஸைவிட மிகவும் மலிவு. அதை மட்டும் ஏற்றி ஓர் இருபரிமாண நிறமாலை எடுத்தால், பெரும்பாலும் ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகள் நன்றாகச் சிதறி விழுந்தால் புரதம் சரியாக மடிந்திருக்கிறது. நல்ல மாதிரி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். பிறகு எந்த முறைக்குப் போவதானாலும் இதை முதலில் எடுத்துவிடுங்கள்.

## கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி

ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் புரதத்தைப் பரப்பி, படிகமாகாத பனியாக நொடியில் உறையவைத்து, ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, லட்சக்கணக்கான துகள்களைச் சராசரி பார்ப்பது. 2017இல் இதற்கு நோபல் பரிசு வந்தது. அதே ஆண்டு, அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த டௌ என்ற புரதத்தின் இழைகளின் அமைப்பு இந்த முறையில் வெளிவந்தபோது, திடநிலை என்.எம்.ஆர். செய்துவந்த எங்களுக்கு ஒரு பெரிய திருப்பம் அது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு தூரமாக அளந்து கட்டிய இழைகளை அவர்கள் நேரடியாகப் பார்த்தார்கள். அதுவும் சோதனைக்குழாயில் வளர்த்ததை விட்டு, நோயாளியிடமிருந்தே எடுத்ததை. லேபிள் வேண்டாம், மில்லிகிராம் வேண்டாம். ஆகவே நேராகச் சொல்கிறேன்: உங்கள் இழை ஒழுங்காக முறுக்கிக்கொண்டு, தனித்தனியாக, ஒரே மாதிரி இருந்தால், முழுக் கட்டமைப்புக்கு இன்று கிரையோவே முதல் தேர்வு. இந்தியாவில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்தில் இதற்கான தேசிய வசதி இருக்கிறது.

அந்த “இருந்தால்” என்ற சொல்லில்தான் சிக்கல். இழை முறுக்கு இல்லாமல் தட்டையாக இருந்தால் முப்பரிமாணத்தைக் கட்ட முடியாது. பத்து இழைகள் பக்கவாட்டில் ஒட்டிக் கத்தையானாலும் முடியாது. உருவமே இல்லாத கட்டி என்றால் அதில் சராசரி பார்க்க ஒன்றுமே இல்லை. இழையின் இறுகிய நடுப்பகுதி மட்டும் தெரியும், வெளியே பஞ்சுபோல ஆடும் பகுதி சராசரியில் கரைந்துபோகும். செலவைப் பார்த்தால், கருவிக் கட்டணத்தைவிட அதற்குப் பிந்தையது கடிக்கும்: டெராபைட் கணக்கில் தரவு, வலுவான கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி, நல்ல கிரிட் கிடைக்கும்வரை மூன்று நான்கு தடவைப் பயணம். கல்லூரி ஆய்வகத்தில் மின்சாரம் போனால் பாதியில் நிற்கும் கணக்கீட்டை நினைத்துப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

## திடநிலை என்.எம்.ஆர்.

இனி கருப்பட்டிக்கு வருவோம்.

கரைசலில் மூலக்கூறு புரள்வதால், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது சராசரியாகி மறைந்துபோகிறது. திடப்பொருளில் புரள வழியில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் காந்தப் புலத்துக்கு வெவ்வேறு கோணத்தில் நின்று வெவ்வேறு அதிர்வெண்ணைச் சொல்லும். பக்கத்து அணுக்கருக்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். முடிவில் கூரான கோடுகள் எல்லாம் ஒரே அகலமான மேடாகிவிடும். அதில் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு 1958இல் ஆண்ட்ரூ குழுவும் 1959இல் லோவும் கண்ட வழி அழகானது. இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒரே கோணச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை: கோணத்தின் கொசைன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழிப்பது. அது பூஜ்யமாகும் கோணம் 54.7 பாகை. மாதிரியைப் பம்பரம்போல அந்தக் கோணத்தில் சாய்த்துச் சுழற்றினால், போதுமான வேகத்தில், மூலக்கூறு தானாகப் புரண்டதன் பலன் கிடைக்கும். அதற்கு “மாயக் கோணம்” என்றே பெயர். வேகம் என்றால் விளையாட்டு இல்லை. 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிர்கோனியா ரோட்டார் (மாதிரியை அடைத்துச் சுழற்றும் சிறு குழாய்) வினாடிக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் போகும். 1.3 மில்லிமீட்டர் ரோட்டார் அறுபதாயிரம். 0.7 மில்லிமீட்டர் லட்சத்தைத் தாண்டும். இது 800 மெகாஹெர்ட்ஸ் காந்தம் என்றால் 18.8 டெஸ்லா புலத்துக்குள் நடக்கிறது. நம் கிருஷ்ணாபுரத்தில் பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே அளக்கிற புலத்தைப்போல இது நாலு லட்சம் மடங்குக்கு மேல்.

கார்பன் அணுக்கருவின் காந்தத் திறன் ஹைட்ரஜனுடையதில் கால் பங்குதான். நைட்ரஜன்-15 பத்தில் ஒரு பங்கு. அதனால் ஹைட்ரஜனின் வலுவைக் கார்பனுக்கு மாற்றிக் கொடுக்கும் குறுக்கு முனைவாக்கம் என்ற உத்தியை 1970களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வா மூவரும் கொண்டுவந்தார்கள். இன்றும் எங்கள் அன்றாடச் சோறு அதுதான். இந்த இரண்டின் மேல் கட்டி எழுப்பி, நுண்படிக நிலையில் இருந்த எஸ்.எச்.3 என்ற சிறிய புரதப் பகுதியின் முழு அமைப்பை 2002இல் திடநிலையிலேயே கண்டார்கள். 2008இல் பூஞ்சையின் ஹெட்-எஸ் ப்ரியான் வந்தது. 2016இல் அல்சைமர் நோயின் அமைலாய்டு பீட்டா-42 இழையைத் தனித்தனிக் குழுக்கள் கண்டன.

அமைலாய்டு இழை, அதாவது புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கி உண்டான இழை, பார்த்ததில்லை என்றால் பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு நூல் நீளவாக்கில் ஓடும், கோரை குறுக்கே ஒன்றை ஒட்டி ஒன்றாகப் போகும். அமைலாய்டில் புரதச் சங்கிலியின் நீண்ட பகுதிகள் கோரைபோல இழையின் நீளத்துக்குக் குறுக்கே கிடக்கின்றன. அவற்றை நீளவாக்கில் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் பாவு நூல். பாதிக் கோரையை ஒரு சாயத்திலும் மீதியை வேறு சாயத்திலும் நனைத்து நெய்தால் எது எதனருகே என்று தெரியும் அல்லவா? அதைப்போலப் பாதி மூலக்கூறுகளில் கார்பன்-13, மீதியில் நைட்ரஜன்-15 ஏற்றிக் கலந்து இழையாக்கி, எந்தக் கார்பனுக்கு அருகில் எந்த நைட்ரஜன் என்று அளந்தால், பக்கத்து மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

### இது மட்டுமே சொல்லக்கூடியவை

ஒரே மாதிரியில் இரண்டு நிறமாலை எடுக்கலாம். குறுக்கு முனைவாக்கத்தில் இறுகிய பகுதி மட்டும் தெரியும். கரைசல் முறையிலிருந்து கடன் வாங்கிய இன்னொரு உத்தியில் ஆடும் பகுதி மட்டும் தெரியும். கிரையோவில் காணாமல்போகும் அந்தப் பஞ்சு வால் இங்கே பேசும். எது, எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்பதுகூடக் கிடைக்கும்.

சவ்வுப் புரதங்களில் இதன் அருமை இன்னும் கூடுதல். இன்ஃப்ளுவென்சா வைரஸின் எம்-2 புரதத்தில் அமன்டடின் வகை மருந்து எங்கே ஒட்டுகிறது என்று 2008இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. எக்ஸ்-கதிர் ஆய்வு துளைக்கு உள்ளே என்றது. கரைசல் என்.எம்.ஆர். ஆய்வு வெளிப்புறத்தில் என்றது. இரண்டிலும் புரதம் சோப்பு மாதிரியான பொருள்களில் இருந்தது, இயல்பான கொழுப்புச் சவ்வில் இல்லை. 2010இல் கொழுப்புச் சவ்விலேயே வைத்துத் திடநிலை என்.எம்.ஆர். எடுத்தார்கள். துளைக்குள்தான் மருந்து வலுவாக ஒட்டுகிறது, வெளிப்புற இடம் மருந்து மிக அதிகமாக இருந்தால் மட்டும் நிரம்புகிறது என்று தெரிந்தது. புரதத்தை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதே விடையை மாற்றிவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. காமா-டி கிரிஸ்டலினில் 23ஆம் இடத்துப் புரோலின் திரியோனினாக மாறினால் கண்புரை வருகிறது. அந்தத் திரிபு கட்டியாகும்போது மடிப்பு குலைந்துவிடும் என்றுதான் எளிதில் நினைக்கத் தோன்றும். உருவமற்ற அந்தக் கட்டியைத் திடநிலை என்.எம்.ஆரில் வைத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், உடலின் அமில-கார நிலையில் உருவான கட்டிக்குள் புரதம் கிட்டத்தட்ட இயல்பான மடிப்போடே இருந்தது. படிகத்துக்கும் கிரையோவுக்கும் கைகொடுக்காத மாதிரி அது.

### செலவைத் திறந்து சொல்கிறேன்

இயற்கையில் கார்பன்-13 நூற்றுக்கு 1.1 பங்கு, நைட்ரஜன்-15 நூற்றுக்கு 0.37 பங்குதான். அதனால் லேபிள் ஏற்றாமல் புரதத்தில் எதுவும் தெரியாது. ஒரு லிட்டர் வளர்ப்புக்கு இரண்டு முதல் நான்கு கிராம் கார்பன்-13 குளுக்கோஸ் வேண்டும், கிராமுக்குப் பல ஆயிரம் ரூபாய். அதிலும் குறைந்த ஊட்டத்தில் பாக்டீரியா மெதுவாக வளர்ந்து விளைச்சலைக் குறைக்கும். முதலில் வளமான ஊட்டத்தில் வளர்த்து, செல்களை மட்டும் பிரித்தெடுத்து, சிறிய அளவு லேபிள் ஊட்டத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. நாம் அதையே செய்வோம். சாதாரணக் குளுக்கோஸில் முழு ஒத்திகையையும் மூன்று தடவை பார்க்காமல் லேபிள் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது.

கருவி நேரம் நாள் கணக்கில் ஓடும், முழுக் கட்டமைப்பு என்றால் வாரக்கணக்கில். அதன்பின் எந்தப் புள்ளி எந்த அமினோ அமிலம் என்று பிரித்து அறிவதற்கே மாதங்கள் போகும். சங்கிலி நீள நீளப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எஸ்.எச்.3 ஆய்வில் செய்ததுபோல, சில கார்பன்களில் மட்டும் லேபிள் விழும்படி கிளிசராலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து நெரிசலைக் குறைக்கலாம். அதற்கு இன்னொரு மாதிரி, இன்னொரு செலவு. வேகமாகச் சுழலும்போது உராய்வால் மாதிரி சூடாகும், குளிரூட்டலைச் சரியாக வைக்காவிட்டால் புரதம் வெந்துவிடும். உப்பு அதிகமுள்ள மாதிரி ரேடியோ அலையில் இன்னும் சூடாகும்.

இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடியவை. தெரியாதது மாதிரியின் சீர்மை. நான் மாணவனாக இருந்தபோது மூன்று மாதம் உழைத்து லேபிள் ஏற்றிய இழை ஒன்றைப் பெரிய கருவிக்கு எடுத்துப்போனேன். கோடுகள் ஒன்றரை பி.பி.எம். (அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பி.பி.எம்.) அகலம். இழைகள் பலவிதமாகக் கலந்து வளர்ந்திருந்தன, அதை முன்கூட்டியே ஒரு சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த முறை அவசரத்தில் ரோட்டாரைச் சமமாக அடைக்கவில்லை. சுழன்று வேகம் ஏறும்போது மூடி தெறித்து மாதிரி முழுவதும் கருவிக்குள் சிதறியது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அதனால் சொல்கிறேன், முதல் இரண்டு நாளில் ஓர் இருபரிமாணக் கார்பன்-கார்பன் நிறமாலை எடுங்கள். கோடு அரை பி.பி.எம். அல்லது அதற்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்றைத் தாண்டினால் கருவியை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பி, மாதிரியைச் சரிசெய்யுங்கள்.

நெல்லையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் இங்கே உண்டு. இழையும் கட்டியும் ஏற்கெனவே இறுகி அடங்கிய பொருள்கள், அவற்றுக்கு வழியில் கெட அவ்வளவாக இடமில்லை. ஈரமாக, குளிராக வைத்தால் ரயிலில் போகும். ரோட்டாரில் அடைத்து மூடியது பல மாதங்கள் அப்படியே இருந்து, மறுபடி எடுத்த நிறமாலை முதல் நாள் போலவே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கருவி நேரம் இரண்டு தவணையாகக் கிடைத்தாலும் அதே மாதிரியில் தொடரலாம்.

## ஆல்ஃபாஃபோல்டு

2024இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட முயற்சி. 20 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகளுக்குக் கணித்த அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நாளே எடுத்துப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது கற்றது பெரும்பாலும் படிகத்தில் கண்ட இயல்பான மடிப்புகளிலிருந்து. ஒரே வரிசை பல வடிவ இழைகளாகக் கட்டும்போது எது வரும் என்று சொல்ல அதை நம்ப முடியாது. ஒற்றை அமினோ அமிலம் மாறியதால் வரும் விளைவைச் சொல்லவும் அது உருவானதல்ல. கேட்டால் இயல்பான மடிப்பையே அழகாக வரைந்து தரும். கட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் பார்வையிலேயே இல்லை.

எந்த முறையில் வந்த அமைப்பானாலும், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு வரைந்த படத்தின் முன் நிற்கத்தான் வேண்டும். புரதச் சங்கிலியின் முதுகெலும்புக் கோணங்கள் அனுமதிக்கப்பட்ட பகுதியில் விழுகின்றனவா என்று உலகம் முழுக்க இன்றும் அதில்தான் சரிபார்க்கிறார்கள். திடநிலை என்.எம்.ஆரில் இது முதல் வாரத்திலேயே கைகொடுக்கும். கார்பனின் வேதிப் பெயர்ச்சியிலிருந்தே அந்தக் கோணங்களைக் கணிக்க முடியும் என்பதால், முழு அமைப்பு வருவதற்கு முன்பே எந்தப் பகுதி சுருள், எந்தப் பகுதி பட்டை என்று தெரிந்துவிடும்.

## அந்த மாணவிக்குச் சொன்னது

முதலில் பணம் கட்டாதே தாயி என்றேன். பக்கத்தில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் கட்டியை ஒரு படம் எடுத்துவரச் சொன்னேன். நீண்ட, தனித்தனியான, முறுக்குள்ள இழையாக இருந்தால் பெங்களூர் கிரையோவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தேன். மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது. இழை எதுவும் இல்லை, ஈரமண் உருண்டைபோல உருவமற்ற குவியல்கள். படிகமும் கிரையோவும் அத்தோடு பட்டியலை விட்டுப் போயின.

மீந்தது திடநிலை என்.எம்.ஆர். ஆனால் முழுக் கட்டமைப்பு வேண்டாம் என்றேன். இருபது கிலோடால்டனுக்குச் சற்று மேற்பட்ட புரதத்தில் அதை முயன்றால் பட்டக் காலம் முழுவதும் அதிலேயே போகும். கேள்வியைச் சிறிதாக்கினோம்: கட்டிக்குள் இயல்பான மடிப்பு அப்படியே இருக்கிறதா, குலைந்ததா? இதற்கு இயல்பான புரதத்தின் வேதிப் பெயர்ச்சிகளோடு ஒப்பிட ஓர் இருபரிமாண நிறமாலை, ஆடும் பகுதியைப் பார்க்க இன்னொன்று, 3.2 மில்லிமீட்டர் ரோட்டார் ஒன்று, சில நாள் கருவி நேரம் போதும். அதற்கு முன் நைட்ரஜன்-15 மட்டும் ஏற்றி, கலங்குவதற்கு முந்தைய தெளிந்த கரைசலில் ஒரு நிறமாலை. அது சரியாக வந்த பிறகுதான் கார்பன்-13.

கருவிக்கு, நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் என்.எம்.ஆர். மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் மும்பை, ஹைதராபாத் வளாகங்கள் ஆகியவை கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள். கடிதம் எழுதும்போது மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கும்படி சொன்னேன்: எந்த அளவு ரோட்டார், உயிரிப் பொருளுக்கு உகந்த, குறைந்த சூடேற்றமுள்ள ப்ரோப் (காந்தத்துக்குள் ரோட்டாரைத் தாங்கும் பகுதி) இருக்கிறதா, ரோட்டாரை அவர்கள் அடைத்துத் தருவார்களா அல்லது நாமே மையவிலக்கியில் அடைக்க வேண்டுமா.

“பொடியாக் காயவெச்சுக் கொண்டு போயிரட்டுமா சார், சுமை குறையுமே?” என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். காய்ந்தால் மூலக்கூறுகள் தாறுமாறாக இறுகிக் கோடுகள் அகன்றுவிடும், இத்தனை பாடும் வீண். ஈரக் கட்டியாக, சிறிய குழாயில், மேலே அதே பஃபர் ஒரு துளி நிற்க, நான்கு பாகைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.